பில்லைத் தொலைச்ச மருமகனுக்கு

எந்திரிக்காத மருமகனே, படுத்துக்கிட்டே கேளு. நாலு பேரு சேந்து போயி, வாட்டின கோழியை அந்த வெள்ளைச் சட்னியில முக்கி முக்கித் தின்னிருக்கீக. மூணு பேரு கையில டிரிப்ஸு ஏறுது. இப்போ கடையை அடிச்சு நொறுக்கணும்ங்கிற. தாராளமா நொறுக்கு. கேஸ் கட்டாயம் நடக்கும், என்ன, குற்றவாளிக் கூண்டுல நீ நிப்ப. அது வேண்டாம்னா ரீல்ஸ் போடுவேங்கிற. இந்தக் கோலத்துல உன் மூஞ்சியப் பாத்தா, பொண்ணு குடுக்க வாரவன் பாதி வழியில திரும்பிருவான்.

வக்கீல் குமாஸ்தாவா கோர்ட்டு வராந்தாவுலயே நரைச்சவன் நான். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். பில்லு எங்க? சுருட்டிப் பல்லுக் குத்திப் போட்டுட்டியா! சபாஷ். கட்டிட்டு வந்த மிச்சம்? நாய்க்குப் போட்டாச்சு. அதுவும் வாந்தி எடுத்துச்சா? நல்ல சாட்சிதான், ஆனா குறுக்கு விசாரணையில வாலை ஆட்டிட்டா நம்ம கட்சி போச்சு. சரி, போன்லதான காசு கட்டினீக, அந்தக் கணக்கை யாரும் அழிச்சிராதீக. கூடப் போனவன் எவன்கிட்டயாவது பில்லு கெடந்தா வாங்கி வை. அதுல 14 இலக்கத்துல உணவு உரிம நம்பர் இருக்கணும். இல்லேன்னா அதுவே தனிப் புகாரு.

அடுத்து டாக்டரு. 'வயித்துவலி'ன்னு எழுதி மாத்திரை குடுத்தா, வாங்கிட்டு வந்துருவ. என்ன தின்ன, எப்போ தின்ன, எப்போ ஆரம்பிச்சதுன்னு சீட்டுல எழுதச் சொல்லு. மாத்திரை உள்ள போறதுக்கு முன்னாலயே மலத்தை டப்பாவுல புடிச்சுச் சோதனைக்குக் குடுத்திருக்கணும். ஆன்டிபயாட்டிக் போன பிறகு கிருமி சிக்குறது கஷ்டம். வெக்கமா இருக்கா? கோர்ட்டுல உன் கோவத்தை விட அந்த டப்பாவுக்குத்தான் மரியாதை.

கடைக்காரன் வக்கீலு என்ன கேப்பான் தெரியுமா? "எங்க கோழிதான்னு எப்படிச் சொல்றீக? முந்தின நாளு வீட்டுல என்ன சாப்பாடு?" நியாயமான கேள்விதான். சில கிருமியோட நஞ்சு அரை மணியிலயே புரட்டிப் போடும். சால்மோனெல்லா 6 மணியில இருந்து 6 நாளு வரைக்கும் எப்போ வேணாலும் காட்டும். அதனாலதான் மூணு வீட்டு ஆளு, மூணு வீட்டுச் சோறு, பொதுவா அந்த ஒரு கோழி மட்டும்னு காட்டுறது பலம். வேற யாரும் படுத்திருக்காகளான்னு தேடு. நுகர்வோர் ஆணையம் அனுமதிச்சா ஒரே மனுவா எல்லாருக்கும் சேத்துப் போடலாம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு இன்னைக்கே எழுதிக் குடு. அவரு கடைக்குப் போயி மாதிரி எடுக்கணும். ஒரு வாரம் கழிச்சு எழுதினா, கடைக்காரன் கழுவி, வெள்ளையடிச்சு, மாலை போட்டு வச்சிருப்பான். 2006-ம் வருசத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல நீயே காசு கட்டி லேபுல சோதிக்கவும் வழி இருக்கு. ஆனா வாங்கும்போதே கடைக்காரன்கிட்ட அதைச் சொல்லிரணுமாம். "ரெண்டு பரோட்டா, ஒரு சால்னா, இதைச் சோதனைக்கு அனுப்பப் போறேன் அண்ணாச்சி"ன்னு கேட்டுப் பாரு. அன்னைக்கு உனக்கு விழுற பரோட்டா மாதிரி ஊருல எவனுக்கும் கெடைக்காது.

பணம் எம்புட்டு வரும்னு கண்ணு மினுங்குது. அந்தச் சட்டத்துல செத்தாத்தான் 5 லட்சத்துக்குக் குறையாம. படுகாயம்னா 3 லட்சம் வரை. உன்ன மாதிரி மூணு நாளு கக்கூசுக்கு நடந்தவனுக்கு உச்சமே ஒரு லட்சம். 6 மாசத்துக்குள்ள குடுக்கணும்னும் இருக்கு. சட்டத்துல இருக்குன்னுதான் சொன்னேன். சாவுன்னு வந்தா 7 வருசத்துக்குக் குறையாத செயிலு, ஆயுள் வரைக்கும் போகும். 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா தின்ன 14 வயசுப் பொம்பளைப்பிள்ளை செத்துச்சு. அந்த இடத்துல நான் கேலி பேச மாட்டேன். பச்சை முட்டையில அடிக்கிற அந்த வெள்ளைச் சட்னிக்கு, அதான் மயோனைஸுக்கு, 2025 ஏப்ரல்ல அரசாங்கம் ஒரு வருசத் தடை போட்டதும் சும்மா இல்ல.

உனக்குத் தோதான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ரெண்டு வருசத்துக்குள்ள போகணும். வக்கீலு கட்டாயம் இல்ல; நம்ம ஊருலயே போடலாம். குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸும் கிடையாது. ஒரு கோழிக்கு அம்புட்டு ஆகாதுதான், உன் தீனியைப் பாத்தாத்தான் லேசாச் சந்தேகம். முதல்ல நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்குப் போன் போட்டுப் பாரு.

காசு கட்டினது சேக்காளியா? அதுக்குப் பதறாத. ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊரு. 1928-ல ஒரு அம்மா இஞ்சிப் பானம் குடிச்சுது. வாங்கிக் குடுத்தது சேக்காளி. உள்ள தெரியாத கறுப்புப் பாட்டிலு. மிச்சத்தை ஊத்தும்போது செத்த நத்தை விழுந்துச்சாம். கேஸு போட்டா, 'நீ விலை குடுத்து வாங்கலியே'ன்னு தயாரிச்சவன் வாதம். 1932-ல லண்டன் பிரபுக்கள் சபையில மூணுக்கு ரெண்டுன்னு தீர்ப்பு: தயாரிச்சவனுக்குக் குடிக்கிறவன் மேல பொறுப்பு உண்டு. வேடிக்கை என்னன்னா, அந்த நத்தை நெசமா இருந்துச்சான்னு கோர்ட்டுல கடைசி வரைக்கும் விசாரிக்கவே இல்ல, சமாதானமாப் போயிட்டாக. நம்ம நுகர்வோர் சட்டத்துலயும் வாங்கினவன் சம்மதத்தோட தின்னவனும் நுகர்வோர்தான். ஓசி அன்னதானத்துக்கு மட்டும் அந்த ஆணையம் செல்லாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கயும் உண்டு.

கடைக்காரன் ரெண்டாயிர ரூவாயும் ஆப்பிளுமா வருவான். ஆப்பிளை வாங்கிக்கோ. 'முழுத் திருப்தி'ன்னு எழுதின தாளுல கையெழுத்து மட்டும் போட்டுராத.

இப்போ பேனாவை எடு. மூணு நாளாத் தின்னதை வரிசையா எழுது. செவ்வாய்க்கிழமை மத்தியானம்? எங்க வீட்டுலயா? உங்க அத்தை வச்ச கருவாட்டுக் குழம்பா... எழுது, எழுது. மறைச்சா கேஸு நிக்காது. அவ கண்ணுல மட்டும் அந்தத் தாளு பட்டுராமப் பாத்துக்கோ, எனக்கு ராத்திரிச் சோறு வேணும்.