டைம் இருந்தா மாமா வீடு

மருமகனே, நீ வாட்ஸ்அப்புல அனுப்பின டூர் பட்டியலை மூக்குக்கண்ணாடி போட்டு ரெண்டு தரம் வாசிச்சேன். நாலு நாளைக்குள்ள பின்னவல யானை, மூலிகைத் தோட்டம், தலதா மாளிகை, கண்டி நடனம், பேராதனைப் பூந்தோட்டம், ஹந்தானை தேயிலை மியூசியம், நக்கிள்ஸ் மலை, எல்ல கோச்சி, ஒம்பது வளைவுப் பாலம். கடைசி வரியில "டைம் இருந்தா மாமா வீடு". ரொம்ப சந்தோசம் ராசா. ஒம்பது வளைவும் தாண்டினதுக்கு அப்புறமாவது நம்ம நெனப்பு வந்துச்சே.

கோத்தகிரியிலேர்ந்து கோடைக்குக் கோடை நீ போன் போட்டுப் புலம்புறது எனக்கு மறக்கலை. "ஊருக்குள்ள நடக்க முடியலை மாமா, சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் ரோட்டை அடைச்சிருச்சு, எங்களுக்குத் தண்ணி இல்லை, லாட்ஜுக்காரனுக்கு மட்டும் லாரி லாரியா வருது." மெட்ராஸ் ஹைகோர்ட்டு சொல்லி 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வச்சப்போ நீ பாயாசம் வைக்கச் சொன்னியாம், உங்கம்மா சொன்னா. அதே வருசம் வெனிஸ்காரன் பகல்ல வந்து பார்த்துட்டுப் போறவன்கிட்ட அஞ்சு யூரோ வாங்க ஆரம்பிச்சான்னு நீதான் பெருமையாச் சொன்னே. நல்லது. அந்தச் சென்னை வண்டிக்குள்ள இருந்தவன் யாருங்கிறே? அவனும் அவன் ஊர்ல தங்கமான பையன்தான். அவன் கையிலயும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். கட்டுநாயக்காவுல இறங்கி வேன் பிடிச்சா வழியிலேயே பின்னவல. 1975ல தாயில்லாத குட்டிகளுக்காகத் தொடங்கின இடம். அப்ப அது புண்ணியம். இப்ப அங்கேயே பொறந்து வளர்ந்த யானைகளும் நிறைய. மா ஓயாவுல குளிக்கப் போற நேரத்துக்கு ஆத்தங்கரையில ஆளுக மாடி மாடியா உட்கார்ந்திருப்பாங்க. நீ பாரு, வேணாங்கலை. தொட்டுப் படம் எடுக்கணும், பழம் ஊட்டணும்னு மட்டும் அடம் பிடிக்காதே. அந்த ஆசைக்காகத்தான் சங்கிலி.

அடுத்தது மாவனெல்லைப் பக்கமோ மாத்தளை ரோட்டுலயோ மூலிகைத் தோட்டம். நீ கேக்காட்டியும் டிரைவர் நிறுத்துவான், அவனுக்கு அங்க கொமிஷன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வருவாரு. உன் காலுல ஒரு களிம்பைத் தடவி, கொஞ்ச நேரத்துல துடைச்சு, தீப்பெட்டி அளவுக்கு முடியை வழிச்சுக் காட்டுவாரு. நீ வாயைப் பொளந்து பார்க்கையில சிவப்பு எண்ணெய், சந்தன எண்ணெய், வழுக்கை மருந்துன்னு கூடை நிறைஞ்சிரும். ஊருக்குத் திரும்பினதும் அந்தச் சதுரத்தை உன் சம்சாரத்துக்கு எப்படி விளங்கப்படுத்துறதுன்னு இப்பவே யோசிச்சு வை. மிளகும் கறுவாவும் வேணும்னா கண்டி மார்க்கட்டுல வாங்கு. டிரைவர் மேல கோவப்படாதே, பேசின சல்லிக்கு மேல கொஞ்சம் கையில குடுத்துரு, கொமிஷன் கடைக்கு வேலையில்லாமப் போகும்.

கண்டி டவுன் மலைக்கு நடுவுல பள்ளம். வண்டிப் புகை வெளிய போக வழியில்லாம அங்கேயே சுத்தும். அதனால ஏரியைச் சுத்தி வேன்ல வலம் வராம நட. அதை வெட்ட வச்ச ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம்ம மதுரை நாயக்கர் வழிக் கண்ணுசாமிதான். 1815ல வெள்ளைக்காரன் புடிச்சு, அப்புறம் வேலூருக்கு அனுப்பினான். கண்டியிலேர்ந்து தமிழ்நாட்டுக்கு அரசாங்கச் செலவுல டூர் போன மொத ஆளு, 1832ல அங்கேயே செத்துப் போனாரு. தலதா மாளிகைக்குள்ள முழங்காலும் தோளும் மூடி வா, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்காதே. பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல் உங்க நீலகிரியில தடை. இங்க நீ வாங்கித் தூக்கிப் போடுற போத்தல், மகாவலி ஆத்தங்கரையில கொஹாகொட குப்பைமேடுன்னு ஒண்ணு இருக்கு, அங்க சேரும். டவுன்காரன் குடிக்கிறது மகாவலித் தண்ணி. வீட்டுலேர்ந்தே ஒரு சொம்பைக் கொண்டா.

இப்ப கோச்சி, உங்க பாஷையில ரயில். நீ கதவுல தொங்கிட்டுப் படம் எடுக்கணும், இல்லையா? எடுக்கப் போய் விழுந்து செத்தவங்க இருக்காங்க. அது கிடக்கட்டும். ரிசர்வ் டிக்கெட்டு இணையத்துல வந்த சுருக்குல தீர்ந்து, பின்னால மடங்கு விலைக்குத் திரும்பி வருது. அதே கோச்சியில ஹட்டன்லேர்ந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்துப் பையோட திரும்புற கிழவியும் ஒத்தக் காலுல நிப்பா. உனக்கு அது ரீல்ஸ், அவளுக்கு அது பஸ்ஸை விட மலிவான வண்டி. 2025 நவம்பர் கடைசியில வந்த தித்வா புயல் மலையகத்துல மண்ணைச் சரிச்சு ஆளையும் வீட்டையும் கொண்டு போச்சு, தண்டவாளத்தையும் விடலை. எதுவரைக்கும் ஓடுதுன்னு விசாரிச்சுட்டு அப்புறம் டிக்கெட்டுப் போடு.

ஒண்ணு சொல்றேன், உங்கம்மா சொல்லியிருக்க மாட்டா. 1964ல ரெண்டு பிரதமருங்க, சிறிமாவும் சாஸ்திரியும், உட்கார்ந்து அஞ்சேகால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இங்கன்னு மலையகத் தமிழருங்க எங்களைப் பங்கு போட்டாங்க. உங்கம்மா அந்தப் பக்கத்துக் கணக்குல விழுந்தா, நான் இந்தப் பக்கம். தலைமன்னார் கப்பலுக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போன வண்டிக்கு இங்க ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. அன்னிக்கும் கதவுல தொங்கினாங்க, கீழ நிக்கிறவன் கையை விட முடியாம. நீ தொங்குறப்போ அதைக் கொஞ்சம் நெனைச்சுக்கிட்டுத் தொங்கு.

ஹந்தானை வரிக்குப் பக்கத்துல "ஒரு நாள் கொழுந்து பறிக்கும் அனுபவம்"னும் எழுதியிருக்கே. வாடகைக்குச் சீலையும் கூடையும் தர்றாங்களாம். உன் அத்தை சிரிச்ச சிரிப்புல ரொட்டி கருகிப் போச்சு. படங்கைக் கட்டி, அட்டைக்குச் சவர்க்காரம் பூசி, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்னு, பதினெட்டு கிலோவோ இருவது கிலோவோ தோட்டம் சொல்ற கணக்குக்குப் பறிச்சாத்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைஞ்சா அரைப்பேர். நாட்கூலி ஆயிரம் ரூபா ஆனதே 2021ல, 1,350 ஆனது 2024ல. ஹோட்டல்ல ஒரு கோப்பை தேத்தண்ணி என்ன விலைன்னு நீயே பில்லைப் பாரு. 1867ல ஜேம்ஸ் டெய்லர் நம்ம பக்கத்து லூல்கந்துர தோட்டத்துலதான் மொத மொதல்ல வியாபாரத்துக்குத் தேயிலை போட்டாருன்னு கைடு சொல்லுவான். குழி வெட்டினது யாருன்னு கேளு, வாட்சைப் பார்ப்பான். மலையில நிக்கிற பொம்பளையைப் படம் எடுக்கணும்னா மொதல்ல கேளு. எடுத்தா சல்லி குடு. அட்டை மட்டும்தான் இந்த ஊர்ல உள்ளூர் விலை, வெளிநாட்டு விலைன்னு பிரிச்சுப் பார்க்காது.

நுவரெலியா ரோட்டுல வேன்ல போனா ஒரு பொடியன் பூங்கொத்தோட ஓடி வருவான். நீ வாங்கலைன்னா குறுக்குப் பாதையில இறங்கி, வேன் அடுத்த வளைவுக்கு வர்றதுக்கு முன்னால அங்க நிப்பான், அதுக்கடுத்த வளைவுலயும் நிப்பான். பள்ளிக்கூட நேரமா இருந்தா வாங்காதே. தோட்டத்து லயத்துப் புள்ளைங்களுக்கு ஜன்னல் வழியா டொபி வீசாதே, அதுக ரோட்டோரத்துலயே பழகிரும்.

இவ்வளவு கேட்டதும் உனக்குக் கோவம் வரும், வரவே இல்லைன்னுருவே. அதுவும் ஆகாது. கொரோனா வந்து வெளிநாட்டு ஆளு நின்னப்போ, 2022ல பெட்ரோல் கியூவுல நாடே நின்னப்போ, வேன் ஓட்டினவனும் கைடும் அறை துடைச்ச பொண்ணும் வெறும் தேத்தண்ணி குடிச்சுக் கிடந்தாங்க. 2024ல இருவது லட்சத்துக்கு மேல வந்தாங்க, அதுல எந்த நாட்டையும் விட அதிகமா வந்தது உங்க ஆளுகதான். வர்றவன் வரட்டும். நாலு நாளைக்கு ஒம்பது இடம்னு ஓடுறவன் சல்லியெல்லாம் வேனுக்கும் டிக்கெட்டுக்கும் பெரிய ஹோட்டலுக்கும் போயிரும். ஒரே ஊர்ல தங்கினவன்தான் மூலைக் கடையில பாண் வாங்குவான், சலூன்ல முடி வெட்டுவான், சின்ன வீட்டுல அறை எடுப்பான்.

ஆகையால பட்டியல்ல பாதியை அடிச்சுரு. எந்தப் பாதின்னு உன் இஷ்டம், கடைசி வரிய மட்டும் மேல தூக்கிப் போடு. கண்டியில கலஹா பஸ் இருக்கு, வேன் வேணாம். ஏறுறப்போ கையில சில்லறை வச்சுக்கோ, ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினா கண்டக்டர் சிங்களத்துல திட்டுவான், உனக்கு விளங்காது.