கத்தி சந்திரனுக்குப் போகுதாம்

மக்கா, நீ பெங்களூரிலே என்ன சோலி பாக்கேன்னு திற்பரப்பிலே ஆரு கேட்டாலும் உன் அம்மைக்குச் சொல்லத் தெரியல்ல. "ஆபரேஷனுக்கு ரோபோ செய்யான், அதும் ஆகாசத்துக்கு" என்கா. கேட்டவன் சாயாக்கடைக்கு வந்து என்னைப் பிடிக்கான்: "ஓய் பாட்டா, ஆகாசத்திலே ஆருக்கு என்ன தீனம்?" பதில் சொல்லணும்லா? அதுக்காகத்தான் நீ வீட்டிலே விட்டுட்டுப் போன கடலாசுக் கட்டை எல்லாம் கண்ணாடி போட்டுப் படிச்சேன். முக்கால்வாசி புரிஞ்சுது. மிச்சம் உனக்கும் புரிஞ்சிருக்காது, விடு.

முதல்லே ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 2024 பிப்ரவரியிலே அமெரிக்காவிலே லிங்கன் என்கிற பட்டணத்திலே டாக்டர்மார் இருந்துக்கிட்டு, நானூறு கிலோமீட்டர் உயரத்திலே சுத்துற விண்வெளி நிலையத்திலே ஸ்பேஸ்மிரான்னு ஒரு சின்ன ரோபோவை ஆட்டி வச்சு ஆபரேஷன் செஞ்சிருக்கானுவ. நெப்ராஸ்கா யுனிவர்சிட்டியிலே முளைச்ச சரக்கு அது. எடை ஒரு கிலோகூட இல்ல. ஒரு கை பிடிக்கும், மத்த கை வெட்டும். எதை வெட்டிச்சுன்னு நினைக்கே? ரப்பர் பேண்டை! ஆயுசு முழுக்க விடியும் முன்னே தலையிலே லைட்டைக் கட்டிக்கிட்டு ரப்பர் வெட்டினவன் இங்கே குத்தவச்சு இருக்கேன். ஒரு பயலாவது எனக்கு ராக்கெட்டிலே எடம் போட்டானா?

சிரிக்காதே. ரப்பர் வெட்டும் ஆபரேஷன்தான். பட்டையிலே கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டு வச்சு வெட்டணும். அதுக்கும் உள்ளே கத்தி போச்சுன்னா, பொறவு வளருற பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வரும், அந்தப் பக்கம் கத்தி வைக்க முடியாது. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணு காணாது, கைதான் காணும். உங்க ரோபோவுக்கு அதுதான் ரொம்ப நாள் வாய்க்கல்ல. டாவின்சின்னு பேர்பெற்ற மிஷினுக்கு அமெரிக்காவிலே 2000-லே அனுமதி கிடைச்சுது. தசையை எவ்வளவு பலமா இழுக்கோம்னு டாக்டரோட கைக்குச் சொல்லுற வித்தை 2024-லே வந்த மாடல்லேதான் சேந்துது. அதுவரைக்கும் கண்ணாலே பாத்துப் பழகின பழக்கம்தான். கையிலே உணர்ச்சி இல்லாத வெட்டுக்காரனை எங்க முதலாளி ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டார்.

இனி தாமசத்துக்கு வாறேன். 2001 செப்டம்பரிலே மாரெஸ்கோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் நியூயார்க்கிலே இருந்துக்கிட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் ஸ்திராஸ்பூர்க்கிலே கிடந்த ஒரு அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தார். கை அசைச்சு அது திரையிலே தெரிய விநாடியிலே ஆறிலே ஒரு பங்குக்கும் குறைவு. நம்ம நாட்டிலே 2025 ஜனவரியிலே குருகிராமிலே இருந்து 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரிலே இதய ஆபரேஷனே செஞ்சாச்சு, எஸ்எஸ்ஐ மந்த்ரா என்கிற நம்மூர் ரோபோவாலே. செரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனா சந்திரன் மூணு லட்சத்து எண்பத்துநாலாயிரம் கிலோமீட்டர். ஒளிக்கே போய்வர இரண்டரை விநாடி. செவ்வாய்னா ஒருவழிக்கே 3 நிமிஷத்திலே இருந்து 22 நிமிஷம். ரத்தம் பீச்சுது, நீ இங்கே "பிடி பிடி"ன்னு கத்துகே, அது அங்கே போய்ச் சேரும்போ ஆளுக்குப் பதினாறு அடியந்திரத்துக்குச் சொல்லி அனுப்பிட்டு இருப்பாவ. அதினாலே கேட்டுக்க: வேகமான கையைச் செய்யாதே, நிதானம் தெரிஞ்ச கையைச் செய். சேதி அறுந்தா அது தன் இஷ்டத்துக்கு வெட்டப்பிடாது, பிடிச்ச ரத்தக்குழாயை விட்டுறவும் பிடாது.

பொறவு இடத்தைப் பாரு. 2006-லே பிரான்ஸிலே ஒரு விமானத்தைக் குப்புற விட்டு விட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் சுமார் 20 விநாடி எடையில்லாம ஆக்கி, ஒருத்தர் கையிலே இருந்த கட்டியை எடுத்தாவ. கத்தியும் கத்திரியும் பறந்துறாம இருக்கக் காந்தம்தான் காவல். ஆனா கனடாவிலே நியூரோஆர்ம்னு ஒண்ணு. எம்ஆர்ஐ மிஷினோட சேந்து மூளை ஆபரேஷனுக்கு நிக்கும். 2008-லே அது ஒரு கட்டியை எடுத்துது. அங்கே இரும்புத் துண்டு ஒண்ணு கிடந்தாலே காந்தம் குண்டு மாதிரி இழுத்து அடிக்கும். அதினாலே டைட்டானியம், பிளாஸ்டிக், காந்தமே இல்லாத பீசோ மோட்டார். ஒரு இடத்திலே காந்தம் தெய்வம், மத்த இடத்திலே பேய். இதுக்கு நடுவிலே நீ "எல்லா இடத்துக்கும் ஒரே கருவி"ன்னு கடலாசிலே எழுதி வச்சிருக்கே. நல்ல எழுத்து, பேனா ஏதுடே?

இன்னொண்ணு நீ யோசிச்சிருக்க மாட்டே. மோட்டார் சூடாகும். இங்கேன்னா சூட்டுக்காத்து மேலே ஏறும், குளிர்காத்து வந்து சேரும். ஆகாசத்திலே மேலே எது, கீழே எது? சூடு மோட்டாரைச் சுத்தியே கட்டிக்கிட்டு நிக்கும், ஃபேன் வச்சு விரட்டணும். ரத்தமும் வடியாது, காயத்து மேலேயே உருண்டு குமிஞ்சு உட்காரும்.

ஆனா எனக்குக் கேட்டு நெஞ்சு அடைச்சது ரோபோ இல்லாத கதை. 1961 ஏப்ரல் 30. அண்டார்டிகாவிலே ரஷ்யாக்காரன் போட்ட நோவோலாசரேவ்ஸ்கயா முகாம். இருந்த ஒரே டாக்டர் ரோகோசோவ், வயசு 27. குடல்வால் பழுத்தது அவருக்கே! மரத்துப்போக ஊசி போட்டு, தன் வயித்தைத் தானே கீறி, ஒண்ணேமுக்கால் மணி நேரத்திலே எடுத்துப் போட்டார். கூட நின்னு கருவியை எடுத்துக்கொடுத்து, கண்ணாடியைப் பிடிச்சது ஆரு? ஒரு டிரைவரும் வானிலை பாக்கிற ஒருத்தரும். அந்த முகாமுக்கு நாலஞ்சு கிலோமீட்டரிலேதான் 1989-லே திறந்த நம்ம மைத்ரி முகாம் இருக்கு. குளிர்காலம் முழுக்க ஆளு உண்டு, கப்பல் வராது.

நீ கருவி வரையும்போ அந்த டிரைவரை மனசிலே நிறுத்து. அவன் கையுறை போட்ட கையாலே மாட்டணும், கழட்டணும், கழுவணும். டாவின்சிக்கு மாட்டுற பல கருவிகளைப் பத்துத் தடவைக்கு மேலே மிஷினே ஏத்துக்கிடாதுன்னு வச்சிருந்தாவ. 2020-லே சிலதைப் பன்னிரண்டு, பதினெட்டுன்னு கூட்டினாவ. உள்ளே ஓடுற கம்பி தேயும், குழாய்க்குள்ளே ரத்தம் நிக்கும், காரணம் இல்லேன்னு சொல்லல்ல. ஆனா பதினோராவது தீனக்காரன் பனிக்கட்டிக்கு நடுவிலே கிடந்தா கம்பெனிக்கு லெட்டர் போடவா?

சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரியிலே சர்க்கார் 2022-லே ரோபோ ஆபரேஷனைத் தொடங்கிச்சு. ஏழைக்கும் எட்டுமேன்னு எனக்குச் சந்தோஷம்தான். அது ஏசி ரூமு, மாறாத கரண்டு. நீ தேடுற கஷ்டமான இடத்துக்கு ராக்கெட் ஏற வேண்டாம், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரங்க குடியிருப்புக்கு ஒரு நடை நட. இடவப்பாதியிலே லென்ஸிலே பூஞ்சணம் பூக்கும், ரோட்டிலே மரம் விழும், போனிலே கோடு ஒண்ணும் நிக்காது. கோதையாறு பவர்ஹவுஸிலே கரண்டு எடுக்கது நம்ம மலை வெள்ளத்திலேதான், ஆனா மழை வந்தா முதல்லே இருட்டாவது நம்ம மலைதான்!

கலிபோர்னியாவிலே ரேவன்னு ஒரு ஆபரேஷன் ரோபோவை 2006-லே திறந்தவெளியிலே கூடாரம் அடிச்சு, ஜெனரேட்டர் கரண்டிலே, ஆளில்லா விமானம் வழி சேதி அனுப்பி ஓட்டிப் பாத்திருக்காவ. கூடாரத்திலே வச்சு ஓட்ட அவனுவளுக்கு வெக்கம் இல்ல. உனக்கும் வேண்டாம். வாற இடவப்பாதிக்கு உன் பெட்டியைத் தூக்கிட்டு வா. ஜெனரேட்டர் வாடகைக்கு நான் பேசி வைக்கேன், டீசல் காசு உன் கம்பெனி தரட்டும்.