நெடுஞ்சாலை மாமன்னருக்கு ஒரு வாழ்த்துமடல்

திருவும் புகழும் ஓங்கி நிலைத்த கிழக்குக் கடற்கரைச் சாலைப் பெருவேந்தரே! சென்னைத் திருவான்மியூரில் திருமுடி வைத்து, வங்கக் கடலின் உப்புக் காற்றைச் சாமரமாகக் கொண்டு, மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று ஊர்தோறும் மேனி நீட்டிப் பள்ளிகொண்டிருக்கும் கருநிறச் செல்வரே! ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் காவி உடுத்தி, மாதா சொரூபத்தைச் சிறு தேரில் வைத்து இழுத்துக்கொண்டு, 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 பெருவிழாவுக்கோ வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் தங்கள்மீது நடக்கும் எளிய குடிகளின் சார்பில் அடியேன் இம்மடலைச் சமர்ப்பிக்கிறேன். கால் என்ற உறுப்பையும் அதன் நோவையும் அறியாத திருமேனி வாய்த்ததே தங்கள் முதற்பெருமை. மற்றப் பெருமைகளெல்லாம் அதிலிருந்து ஊற்றெடுத்தவை.

தங்களுக்கு முன் இந்நாட்டை ஆண்டவர்களின் அறியாமையை எண்ணிப் பார்த்தால்தான் தங்கள் அருமை விளங்கும். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார். போட்டதோடு நிற்காமல் மரமும் சத்திரமும் வைத்தார். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ராமேசுவரம் போகிறவர்கள் தங்கி உண்ண ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் கட்டினார். அரசர்களைப் பார்த்துக் குடிகளும் கெட்டார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாற, சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது புண்ணியம் என்றார்கள். சாலையில் மனிதர் நடப்பார் என்னும் மூடநம்பிக்கை அவர்களை அப்படி ஆட்டிப் படைத்திருந்தது. தாங்கள் அதை வேரோடு களைந்தீர்கள். வேரோடு என்பது உபசார வார்த்தையன்று. அகலப்படுத்தும் திருப்பணி நடந்த இடங்களில், பாட்டன் காலத்துப் புளியமரங்கள் எந்திர ரம்பத்தின் முன் சாஷ்டாங்கமாக விழுந்தன. ஈடாக நடுத்தடுப்பில் அரளிச்செடி வைத்தருளினீர்கள். அரளியின் நிழலில் ஒதுங்க விரும்புகிறவர் அடுத்த பிறவியில் ஓணானாகப் பிறந்து வரத் தடையேதும் இல்லை.

நிழல் என்னும் தடங்கல் நீங்கியபின் கதிரவனுக்கும் தங்களுக்கும் இடையே உண்டான நட்பு உலகறிந்தது. காற்று 36 டிகிரி காட்டும் பகலில் தங்கள் தார்மேனி 50-ஐத் தாண்டிக் கனிகிறது. நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு வருகிறவர்களை இவ்வளவு கதகதப்பாக வரவேற்ற மன்னர் வேறு யார்? காலை பத்து மணிக்குமேல் பாதம் பதிக்க முடியாமல் போகும்போது அவர்கள் ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஏறி நடப்பார்கள். தாரைவிட வெள்ளைச் சாயத்தில் சூடு குறைவு என்பது வெறுங்காலோடு பாதயாத்திரை போன ஒவ்வொருவரும் முதல் நாளே படித்துக்கொள்ளும் பாடம். ஆறங்குல அகலத்தில் ஊர் ஊராக விரித்துப் போட்ட நடைபாவாடை அது! தெய்வங்களுக்கும் மணமக்களுக்கும் மட்டுமே உரிய மரியாதையைச் சித்தாள்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அளித்தீர்கள். அந்தக் கோட்டுக்கும், புதுச்சேரியில் வார இறுதியைக் கழிக்க நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரையும் காருக்கும் நடுவே சில வேளை ஒரு முழம்தான் இருக்கும். அத்தனை அருகில் நெருங்கி ஆலவட்டம் வீசிவிட்டுப் போகிறது தங்கள் வாகனப் படை.

கோட்டுக்கு வெளியே போனால் என்ன என்று கேட்பார் உண்டு. அங்கேதான் தங்கள் கருவூலம் திறந்து கிடக்கிறது: உடைந்த பாட்டில், சிதறிய ஜல்லி, லாரி டயரின் கம்பி, சீமைக் கருவேல முள். இவ்வளவையும் ஒரே ஓரத்தில் பதித்து வைத்த கைவண்ணத்தைப் புகழாமல் இருக்க முடியவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் நடைபாதை 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் நெறிநூல் வகுத்திருக்கிறது. அந்த 1.8 மீட்டரைக் கண்டவர் காலும் மிதித்து அழுக்காக்காதபடி நெறிநூலுக்குள்ளேயே பத்திரமாகப் பாதுகாத்து வருகிறீர்கள்.

மரக்காணத்து உப்பளங்களை அடையும்போது தங்கள் கலைவேலைப்பாடு ஒவ்வொரு பாதத்திலும் முற்றுப்பெற்றிருக்கும். இருபுறமும் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் பாத்திகள். ஒதுங்க ஒரு பனைநிழல் கிடைத்தால் பாக்கியம். குதிகாலில் ஒன்று, பெருவிரலுக்குக் கீழே ஒன்று என்று முத்துமுத்தாகக் கொப்புளம் கோத்துத் தருகிறீர்கள். அனுபவம் மிக்க யாத்திரிகர், ஊசியை நெருப்பில் காட்டி, நூல் கோத்துக் கொப்புளத்தின் குறுக்கே விட்டு, நூலை மட்டும் உள்ளேயே நிறுத்திவிடுவார். நீர் வடியும், தோல் உரியாது. தொடையிடுக்கு உரசிப் புண்ணானால் தேங்காயெண்ணெய். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. ஒரு சமஸ்தானத்தின் முழு வைத்தியசாலையும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு வெளியே வைத்தியசாலை என்று தேட வைத்து, நொண்டியபடி இன்னும் எட்டு கிலோமீட்டர் நடக்கும் மனவுறுதியையும் தாங்களே அருள்கிறீர்கள்.

தங்கள் பெருமைகளில் தலையாயதைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. அடியேன் எழுந்து நின்று சொல்ல வேண்டியது. நடந்து வரும் பெண்களுக்கென்று இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை என்று கட்டி வைத்து, அவர்கள் தவத்தைக் கலைக்கும் பாவத்தைத் தாங்கள் செய்யவில்லை. அதனால் அவர்கள் எட்டிய யோகநிலை மடத்துத் துறவியருக்கும் கைகூடாதது. விடியுமுன் இருட்டில் சவுக்குத் தோப்புக்குள் போய் வந்தால், அடுத்தது மறுபடி இருட்டிய பிறகுதான். இடைப்பட்ட பகல் முழுவதையும் அவர்கள் தண்ணீர் குடிக்காமலே கடக்கிறார்கள். தண்ணீர் கையில் இருக்கிறது. பாட்டில் நிறைய இருக்கிறது. வெயிலில் வெந்து உடம்பு கேட்கக் கேட்க, நாக்கை மட்டும் நனைத்து மூடி வைத்துவிடுகிறார்கள். கடலூர் வருவதற்குள் நீர்க்கடுப்பு, காரைக்கால் வருவதற்குள் குளிர்காய்ச்சல். அறுபது வயது அம்மாவும் பதினாறு வயது மகளும் சேர்ந்தே இந்த விரதம் காக்கிறார்கள். பெட்ரோல் பங்குகள் இருக்கின்றனவே என்று வாதாடுவோர்க்குத் தங்கள் ஏற்பாட்டின் நுட்பம் தெரியாது. கழிப்பறை என்று பலகை உண்டு. பலகைக்குக் கீழே கதவு உண்டு. கதவில் பூட்டு உண்டு. சாவி மேனேஜரிடம் உண்டு. மேனேஜர் டவுனுக்குப் போயிருக்கிறார்.

மாதவிலக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு நேரும் சிறப்பையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் புடவையைப் பிடித்துத் திரை கட்ட, சாலையோரப் பள்ளத்தில், போகிற பஸ்ஸின் சன்னல்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவள் துணி மாற்றுகிறாள். பட்டத்தரசிகளுக்குத்தான் சேடியர் திரை பிடித்ததாகக் கதைகளில் படித்திருக்கிறோம். அந்த அந்தப்புர மரியாதையை, காசிமேட்டில் மீன் விற்றுப் பிழைக்கும் பெண்ணுக்கும் நடுவழியில் வாங்கிக் கொடுத்த வள்ளல் தாங்கள்.

இரவில் தங்கள் கொலுவைக் காணக் கண் கோடி வேண்டும். வெயிலுக்கு அஞ்சிய யாத்திரிகர்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே புறப்படுகிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் சொருகும் நேரமும் அதுவே. இவ்விரு சாராரையும் ஒரே இருளில், ஒரே ஓரத்தில் சந்திக்க வைக்கும் தங்கள் முகூர்த்தக் கணிதம் பஞ்சாங்கக்காரர்களுக்கும் பிடிபடாதது. ஊர் எல்லை முடிந்ததும் விளக்கும் முடிந்துவிடும். எதிரே வருகிற லாரி ஹைபீம் போட்டால் அரை நிமிடத்துக்குக் கண்முன் எதுவும் இல்லை. சட்டை முதுகில் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கரும், தேரில் தொங்கும் சீரியல் பல்பும், மாதா பாட்டுப் பாடும் ஸ்பீக்கரும்தான் நடக்கிறவர்களின் மொத்தக் கவசம். பிறகு ஒருநாள் காலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி வரும்: அடையாளம் தெரியாத வாகனம் மோதி. சுங்கச்சாவடிதோறும் காமிரா கண் விழித்திருக்க, ஒன்றின் கண்ணிலும் படாமல் மறையும் அந்த வாகனத்துக்குச் சித்தர்களும் நிகரில்லை. அப்படிப்பட்ட சித்தரைத் தங்கள் மடியில் வளர்த்து வருகிறீர்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்றும் ஒன்றிய அரசே கணக்குக் காட்டியிருக்கிறது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுக்குள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. தங்கள் குலத்தார் அனைவரும் கூடி ஈட்டித் தந்த இந்தப் பட்டத்தில் தங்கள் பங்கைத் தாங்கள் அடக்கத்தால் சொல்லிக்கொள்வதில்லை.

சுங்கச்சாவடியில் நடப்பவரிடம் காசு வாங்குவதில்லை. இந்த ஈகையைப் பாராட்டும்போது அதன் உட்பொருளையும் உணர்ந்தே பாராட்டுகிறேன். காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான். கேட்கும் தொல்லையிலிருந்தும் அவர்களை விடுவித்துவிட்டீர்கள். பசிக்கிறது, எதிர்ப்பக்கம் டீக்கடை இருக்கிறது என்றால், நடுத்தடுப்பு இடைவெளி விடும் இடம் வரை நடந்து, திரும்ப அதே தூரம் வரலாம். அல்லது கொப்புளக் காலோடு தடுப்பின்மேல் ஏறிக் குதிக்கலாம். குடிகளுக்கு இவ்வளவு சுதந்திரம்!

ஊர் வாசலில் பெருமக்கள் தம் திருமுகம் பெரிதாகவும் மாதா முகம் சிறிதாகவும் அச்சிட்டு வைக்கும் ஃபிளெக்ஸ் பலகைகளைப் பற்றி விரிக்க இடமில்லை. நடப்பவர் வழியை மறித்து நடப்பவரை வரவேற்கும் பலகைகள் அவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளரை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்ததும், ஆகஸ்ட் முடியும்போது தங்கள் ஓரங்களில் அதே டம்ளர்கள் மல்லிகைப் பூவாகச் சிதறிக் கிடப்பதும் ஒரே அரசாட்சியின் இரு கண்கள்.

வாழ்த்துமடலில் புகார் எழுதுவது முறையன்று. ஆயினும் விசுவாசமுள்ள குடி என்ற முறையில், தங்கள் ஆணைக்கு எதிராக இவ்வழியெங்கும் நடக்கும் ஒரு சதியைத் தெரிவிக்காமல் இருந்தால் பாவம் வந்து சேரும். தங்கள் எல்லைக்கு ஐம்பதடி தள்ளி, கிராமங்களில் சிலர் மண்பானையில் நீர்மோர் கரைத்து வைத்துக்கொண்டு, நடந்து வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறார்கள். கேட்டால் கோயில் திருவிழாவுக்கும் இதைத்தான் செய்வோம் என்கிறார்கள். சிலர் தொழுகை முடித்த தொப்பியோடே ஊற்றிக் கொடுக்கிறார்கள். பம்புசெட்டை ஓடவிட்டுக் குளிக்கச் சொல்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுக்க இடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சில வீடுகளில், “வெளியில எதுக்கும்மா போற, உள்ள வா” என்று முன்பின் தெரியாத பெண்களைக் கூப்பிட்டுத் தம் வீட்டுக் கழிப்பறைக் கதவையே திறந்துவிடுகிறார்கள். டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை. இத்தனை ஆண்டுகள் கண்ணுங்கருத்துமாகத் தாங்கள் வளர்த்துவந்த துன்பத்தை இவர்கள் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. புறவழி போட்ட பிறகு ஊருக்குள் விலகிப்போன பழைய சாலைத் துண்டுகளில், தங்கள் பார்வைக்குத் தப்பிய புளியமரங்கள் சில இன்னும் நிற்கின்றன. உச்சிவேளையில் ஒவ்வொன்றின் அடியிலும் முப்பது நாற்பது பேர், தேரையும் நிறுத்திவிட்டு, காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுவதற்கான எண்ணைக்கூட அம்மரங்களில் இன்னும் யாரும் பெயிண்டால் எழுதக் காணோம். சமூகம் அவர்கள் இக்குறையைத் திருவுள்ளத்தில் கொண்டு, அடுத்த கொடியேற்றத்துக்கு முன் ஆவன செய்தருள வேண்டும்.