மிஸஸ் வைரக்கண்ணு கப்பல் ஏறுகிறார்

கப்பலில் ஏற்றக் கூடாத பொருள்களின் பட்டியலை ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். துப்பாக்கி, கத்தி, வெடிமருந்து என்று கம்பீரமாகத் தொடங்கி, இஸ்திரிப்பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று படிப்படியாக இறங்கி, ரைஸ் குக்கரில் வந்து நின்றது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். துப்பாக்கிக்கு யாரும் வருத்தப்படவில்லை. ரைஸ் குக்கர் என்றதும் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு நாளைக்கு என்னடா சாப்பிடுவீங்க?"

சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வருவதால் சைவம் தனியாக உண்டு, கேட்டால் ஜெயின் சாப்பாடுகூடக் கிடைக்கும் என்று விளக்கினேன்.

"அதுல வெங்காயம் போட மாட்டாங்களேடா" என்றார், நாங்கள் குடும்பத்தோடு மதம் மாறிவிட்டதைப் போன்ற முகத்துடன்.

விஷயம் இதுதான். சூடேறும் கம்பி உள்ள எந்தச் சாமானையும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு கப்பல்காரர்கள் நெருப்புக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். வீட்டில் செய்த பலகாரத்துக்கும் அனுமதியில்லை. முறுக்குக்கு என்ன கம்பி இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். ஏஜெண்டுக்கே பதில் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்குத் திட்டம் எளிமையாகத்தான் இருந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம். இரண்டு நாள் ஊர் சுற்றல். பிறகு மெரினா பே கப்பல் நிலையத்தில் ஏறி, போர்ட் கிளாங், பினாங்கு பார்த்துவிட்டு நாலாவது இரவு முடிந்து சிங்கப்பூருக்கே திரும்புவது. அதாவது, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு இத்தனை லட்சம். இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது என் மகன். வயது எட்டு. அவனை அன்றிரவு சீக்கிரம் தூங்க வைத்துவிட்டோம்.

முதல் தடங்கல் பெயரில் வந்தது. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது நமக்குப் பெருமை, பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தலைவலி. சர்நேம் என்ற கட்டத்தில் ஆளாளுக்கு அப்பா பெயரை எழுதியிருந்தோம். கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் எங்களை ஒரு குடும்பம் என்று ஏற்க மறுத்தது. ஐந்து பேர், நான்கு சர்நேம். பிள்ளைகள் இருவருக்கும் என் பெயர், எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு மாமனார் பெயர், அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர். கப்பலில் சர்நேமைச் சொல்லித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். அப்படியென்றால் சாப்பாட்டு மேஜையில் என் எட்டு வயது மகனுக்கு என் பெயர், எனக்கு என் அப்பா பெயர். மனைவியைப் பார்த்து "மிஸஸ்" என்று சொல்லி மாமனார் பெயரைச் சேர்க்கும்போது, அவர் சும்மாவே என் வீட்டு விவகாரங்களில் தலையிடுகிறவர், கப்பலிலும் வந்துவிடுவார். அம்மா மிஸஸ் வைரக்கண்ணு.

"எங்கப்பா பேரைச் சொல்லியா கூப்பிடுவாங்க?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். மரியாதைக் குறைவு என்று கோபப்படுகிறார் என நினைத்துச் சமாதானம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அறை விவகாரம் தனி. ஜன்னலே இல்லாத உள்ளறை மலிவு, கடல் தெரியும் அறை அதற்கு மேல், பால்கனி வைத்தது நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது. கடல் தெரியும் அறையாக இரண்டு போட்டேன். பணம் கட்டிய மறுநாள்தான் ஏஜெண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், கடல் தெரியும். ஆனா நடுவுல உயிர்காப்புப் படகு தொங்கும்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மாவுக்கோ பரம திருப்தி. "நல்லதாப் போச்சு. படகு பக்கத்துலயே இருக்கு." அம்மா டைட்டானிக் படத்தைத் தொலைக்காட்சியில் மூன்று முறை பார்த்தவர். தவிர, தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம்தான் நல்லது, அங்கேதான் ஆட்டம் குறைவு. எங்கள் சிக்கனம் தற்செயலாக மருத்துவ ஆலோசனையோடு ஒத்துப்போயிற்று.

கப்பல் 20 நாட் வேகத்தில் போகும் என்று பெருமையாகச் சொன்னேன். மகள் உடனே கணக்குப் போட்டு, மணிக்கு 37 கிலோமீட்டர் என்றாள். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸே காலியான ரோட்டில் இதை முந்திவிடும்.

இந்த மகள்தான் தீம் பார்க் இலாகா. பத்தாவது பரீட்சைக்குக்கூட இவ்வளவு குறிப்பு எடுத்திருக்க மாட்டாள். சிங்கப்பூரில் பார்க்கப் போவது ஒரே ஒரு பார்க். ஆனால் அதுதான் சிறந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? உலகத்துப் பூங்காக்களையெல்லாம் எக்ஸெலில் வரிசைப்படுத்தினாள். அவளுக்கு வேகம், உயரம். எனக்கு விலை. மனைவிக்குக் கழிப்பறைக்கு எத்தனை தூரம். அம்மாவுக்கு நிழலில் உட்கார ஒரு திண்ணை. ஒரே அட்டவணையில் நான்கு பேருடைய நியாயங்களும் ஏறியதும், எக்ஸெலே திணறியது.

அபுதாபியில் இருக்கும் என் மைத்துனன் போனிலேயே அங்குள்ள ஃபெராரி வேர்ல்டுக்கு வக்காலத்து வாங்கினான். ஃபார்முலா ரோஸா என்ற ரோலர் கோஸ்டர், 5 விநாடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொடுமாம். கண்ணில் பூச்சி அடித்துவிடாமல் இருக்கக் கண்ணாடி மாட்டித்தான் ஏற்றுவார்களாம். அந்த வேகத்தில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் கால் மணி நேரம்.

"தஞ்சாவூருக்கா போகுது?" என்று அம்மா கேட்டார்.

"இல்ல அப்பாயி, சுத்திட்டு ஏறின எடத்துக்கே வந்துடும்."

"அதுக்கு எதுக்குடி இவ்வளவு அவசரம்?"

ஃபெராரி அத்துடன் விலகிக்கொண்டது.

டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983-இல் திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் டிஸ்னி பூங்கா. அங்கே பாப்கார்னில் கறி மசாலாச் சுவை உண்டு, அதற்கென்றே தனி வரிசை நிற்கும். மனைவிக்கு அது பிடித்திருந்தது. விமானக் கட்டணத்தைச் சொன்னேன். பாப்கார்னை நானே தாளித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பாரிஸில் 1992-இல் திறந்தபோது பூங்காவுக்குள் ஒயின் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். சாப்பாட்டோடு ஒயின் இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை என்று நினைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கொதித்துப்போக, மறு வருஷமே டிஸ்னி இறங்கி வந்தது. எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் பிரச்சினைதான், கொஞ்சம் நாகரிகமான வடிவத்தில். அம்மா முழு மனதோடு பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்றார்.

அம்மாவை உண்மையில் வென்றது ஹாங்காங். நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 2005-இல் திறந்த டிஸ்னிலேண்டை அங்கே கட்டும்போது ஃபெங்சுயி பார்த்து, தலைவாசலை 12 டிகிரி திருப்பி வைத்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து வாசலுக்கு வரும் நடைபாதையில் வேண்டுமென்றே ஒரு வளைவு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நல்ல சக்தி நேராக ஓடிக் கடலில் விழுந்துவிடுமாம். ஹோட்டல் லிப்டில் நான்காவது மாடிக்குப் பொத்தான் இல்லை, சீனத்தில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. விருந்து மண்டபத்தின் அளவு 888 சதுர மீட்டர், எட்டு ராசியான எண் என்பதால். திறப்பு விழாவுக்கு நாள் குறித்ததும் பஞ்சாங்கம் பார்த்துத்தான்.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"எலியே வாசல் பாத்து வச்சிருக்கு. நீ வீடு கட்டறப்ப நான் தலையால அடிச்சிக்கிட்டேனே, கேட்டியா?"

எங்கள் வீட்டு வாசல் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் ரோடு இருந்தது, வேறு என்ன செய்வேன்? பதினோரு வருஷமாக மோட்டார் ரிப்பேர், என் பதவி உயர்வு தள்ளிப்போனது, மகனுக்கு அம்மை போட்டது எல்லாவற்றுக்கும் அந்த வாசல்தான் பொறுப்பு. இப்போது சாட்சிக்கு மிக்கி மவுஸும் சேர்ந்துகொண்டது. அன்று மாலை கொத்தனாருக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். வாசலைத் திருப்ப ஆகும் செலவு கப்பல் டிக்கெட்டைவிட அதிகம் என்று தெரிந்த பிறகுதான் பயணம் பிழைத்தது.

கடைசியில் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸே உறுதியானது. செந்தோசா தீவில் 49 ஏக்கர். அம்மாவிடம் இதையும் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. "நம்ம ரங்கநாதர் கோயில் 156 ஏக்கர்டா, அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லையே" என்றார். வரிசை ஒரு மணி நேரம் இருக்கும் என்றேன். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசலில் விடியவிடிய நின்றவரிடம் ஒரு மணி நேரமெல்லாம் எடுபடாது. கூடுதல் பணம் கட்டினால் எக்ஸ்பிரஸ் பாஸ், சீக்கிரம் உள்ளே விடுவார்கள் என்றதும், "சிறப்பு தரிசனம்" என்று தாமாகவே மொழிபெயர்த்துக்கொண்டு, "அதெல்லாம் வேணாம், தர்ம தரிசனத்துலயே போவோம்" என்று தீர்ப்பளித்தார். அம்மாவால் எனக்கு மிச்சமான பணம் இது ஒன்றுதான்.

மகனுக்கு வேறு கவலை. அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் உயரக் கணக்கு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், இவன் தாராளமாகத் தேறுவான். மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. அறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். 121. அன்றிலிருந்து மாடிப்படிக் கம்பியில் காலையும் மாலையும் தொங்குகிறான். தினமும் புதுக் கோடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கதவு நிலையில் ஒரு கறுப்புப் பட்டையே உருவாகிவிட்டது. உயரம் மட்டும் அசையவில்லை. அடர்த்தியான சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளும் யோசனையை அக்காதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பெட்டி அடுக்கும் நாளில்தான் கசகசா விவகாரம் வெடித்தது. அம்மா யாருக்கும் தெரியாமல் இரண்டு கிலோ குருமாப் பொடி அரைத்து, துணியில் முடிந்து, மகளின் ஜீன்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கசகசாவைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முடியாது, அங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கண்ணில் படும் சரக்கு என்றேன்.

"கசகசாவா? போதையா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நாப்பத்தஞ்சு வருஷமா உங்கப்பா ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கினதெல்லாம்..." என்று ஆரம்பித்து, பேத்தி இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பொடியை எடுத்த இடத்தில், பெட்டியின் அடியில், பழைய துணிப்பை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு போட்டோ. வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் குடையுடன் ஒருவர். வைரக்கண்ணுத் தாத்தா.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர் அவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல், 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிளாங், சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தாத்தா போனது தளத்து டிக்கெட்டில். அறை கிடையாது. இரும்புத் தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுப்பவர்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, ஆறு வருஷம் கழித்துத் திரும்பியபோது அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். யாரோ மாமா வந்திருக்கிறார் என்று உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாராம்.

"நம்ம கப்பல் பினாங்குல எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டார் அம்மா.

"காலைல போய்ச் சேரும், சாயங்காலம் கிளம்பிடும்மா."

"போதும்."

போர்டிங் பேப்பரை மகள் பிரிண்ட் எடுத்து வந்தாள். அம்மா தன்னுடையதை மட்டும் வாங்கி, வைரக்கண்ணு என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தடவி, சரியாக எழுதியிருக்கிறார்களா என்று எழுத்தெழுத்தாக என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு, பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். சூட்கேஸ் வேண்டாமாம், அதில்தான் தன் புடவைகள் வருமாம்.

ஏஜெண்டின் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். துப்பாக்கி இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, டிரங்குப் பெட்டி இல்லை. எங்கள் விமான டிக்கெட்டில் ஒருவருக்கு 20 கிலோ. பெட்டியைத் தூக்கி நிறுத்துப் பார்த்தேன். காலிப் பெட்டியே 9 கிலோ.