மேலூருக்கு எவ்வளவு நேரம்?

1983-ல் எனக்குச் சென்னையில் வேலை. அம்மா, அப்பா மேலூரில். சனிக்கிழமை மாலை பாரிமுனையில் திருவள்ளுவர் பஸ் ஏறினால் திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, திருச்சி என்று ஊர் ஊராக நுழைந்து போகும். இருவழிச் சாலை. எதிரே லாரி வந்தால் வண்டி மண்ணில் இறங்கி ஏறும். விராலிமலை தாண்டும்போது விடியத் தொடங்கும். பதினோரு மணி நேரம் ஆகிவிடும். முதுகு விட்டுப்போகும்.

கடுதாசி முன்பே போயிருக்கும். அப்பா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். வீட்டில் விறகடுப்பில் வெந்நீர்ப் பானை கொதித்துக்கொண்டிருக்கும். அம்மா விளாவி ஊற்றிய பிறகுதான் காபி. இவ்வளவு அலுத்து வந்தவன் உடனே திரும்புவானா? நான்கு நாள் லீவு போட்டுத்தான் வருவேன்.

இப்போது ஜி.எஸ்.டி. சாலை நான்குவழி. பரனூர் தொடங்கி பூதக்குடி வரை சுங்கச்சாவடிகளில் பணம் கட்டிக்கொண்டே போனால் காரில் ஏழு மணி நேரம். விமானம் இன்னும் வேகம்: சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாயத்தில் சுமார் 420 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அது ஓடுபாதைக்கு ஓடுபாதை கணக்கு. ஏழு மணி விமானத்துக்கு அம்பத்தூரில் நான்கு மணிக்கே கிளம்புகிறேன். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு. மதுரை விமான நிலையமோ நகருக்குத் தெற்கே இருக்கிறது, மேலூர் வடகிழக்கே. ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, டாக்ஸி பிடித்துத் திரும்பி வர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பத்து மணி. காரைவிட ஒரு மணி நேரம்தான் மிச்சம்.

அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் சாயங்கால விமானத்துக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு 86 வயது. போன மாதம் போனபோது குழம்பு கொதிக்கும் முன்பே என் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. கவனித்துவிட்டார்.

"ஏப்பா, ராத்திரி இருக்க மாட்டியா?"

"காலையில வேலை இருக்கும்மா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முன்னறையில் எனக்காகப் பாய் விரித்து, தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்ததை டாக்ஸி வந்த பிறகுதான் பார்த்தேன்.

பஸ் பதினோரு மணி நேரம் எடுத்த காலத்தில் அம்மாவோடு நான்கு நாள் இருந்தேன். விமானத்தில் போகத் தொடங்கியபின் ஏழு மணி நேரம்கூட இருப்பதில்லை. இது விமானத்தின் குற்றமில்லை, என் குற்றம். உங்களுக்கும் ஊரில் யாராவது பாய் விரித்து வைத்திருந்தால், திரும்பும் டிக்கெட்டை மூன்று நாள் தள்ளி எடுங்கள்.