எம்டனைத் துரத்திய கப்பல்

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனதே, பிரிட்டிஷ் கடற்படை தூங்கிக்கொண்டிருந்ததா?
– வாசகர், வில்லியனூர்

பாவம், தூக்கம் கெட்டுத் தேடிக்கொண்டிருந்தது! 'ஹாம்ப்ஷயர்' என்ற கவசக் கப்பல் வங்கக்கடலில் எம்டனைத் துரத்தியது. ஏறத்தாழ 11,000 டன். எடையில் எம்டனைப்போல மூன்று மடங்கு. எம்டனோ நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் உலாத்தியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதை மடக்கியது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'. துரத்தினது ஒன்று, பிடித்தது இன்னொன்று.

பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சு மண். எங்களை மட்டும் எம்டன் விட்டுவைத்தது ஏன்?
– வாசகர், கரிக்கலாம்பாக்கம்

சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. உங்கள் பக்கம் கொளுத்த என்ன இருந்தது, வைக்கோல் போரா? ஆனால் பிரெஞ்சுக்காரரை அது விடவில்லை. அக்டோபர் 28, பினாங்கு அருகே 'மூஸ்கே' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டதும் அதே எம்டன்தான்.

ஹாம்ப்ஷயர் கதி?
– வாசகர், வில்லியனூர்

ஜூட்லாந்து கடற்போரில் தப்பித்தது. ஐந்தே நாளில், 1916 ஜூன் 5 அன்று, ஆர்க்னி தீவருகே ஜெர்மன் கண்ணிவெடியில் சிக்கியது. அதில் போன கிச்சனர், 1902 முதல் 1909 வரை இந்தியப் பட்டாளத்தின் தலைமைத் தளபதி. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 12 பேர்.

அந்தக் கப்பல் பாகூர் ஏரியில் மிதக்குமா?
– வாசகர், பாகூர்

சுமார் 24 அடி தண்ணீர் வேண்டும். முதலில் தூர் வாருங்கள், பிறகு பேசலாம்!