நாய்ப்பல் உப்பளம்: ஒரு சூத்திரமும் விருத்தியுரையும்

சூத்திரம்: நாயின் வாயும் ஓர் உப்பளமே, அதற்கு மழைக்கால விடுப்பு இல்லை.

விருத்தியுரை: மரக்காணத்தார் உவர்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய்ச்சுகிறார்கள். உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். அடர்த்தி போமே அளவுகோலில் 25 டிகிரியை நெருங்கியதும் உப்பு பூக்கும். நாய்க்கு உமிழ்நீரே உவர்நீர். பல்லில் ஒட்டிய பாக்டீரியாப் படலத்தில் உமிழ்நீரின் கால்சியம் இறங்க, இரண்டு மூன்று நாளில் பற்காரை இறுகத் தொடங்கும். நம் உமிழ்நீரைவிட நாயினது காரத்தன்மை மிக்கது. ஆகவே சொத்தை அபூர்வம், காரை தாராளம்.

மடை எங்கே எனின், மேல்தாடைக் கடைவாயில் என்க. கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அங்குள்ள பெரிய பல்லுக்கு எதிரே திறக்கிறது. மகசூலும் அங்கேதான் அதிகம். ஐயமுற்றோர் உதட்டைத் தூக்கிக் காண்க. தானம் கொடுத்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாகாது என்பது வழக்காயினும், அது நாய்க்கு விலக்கு. கடிபட்டால் அதுவும் தரவே.

ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை நிற்கும். நாயின் 42 பல்லிலும் விளைச்சல் நிற்பதில்லை, வாருவாரும் இல்லை. ஈறு சிவந்து, கீழிறங்கி, பல் ஆடுகிற வரைக்கும் வீட்டார் நாற்றத்தை 'நாய்னா அப்படித்தான்' என்று தள்ளிவிடுகிறார்கள். இந்தக் கொள்கையை நாம் மதிப்பதற்கில்லை.

எலும்பு கடித்தால் தேயாதோ எனின், வெந்த எலும்பு சிம்பு சிம்பாய்ப் பிளந்து ஈற்றில் குத்தும். கெட்டி எலும்பு பல்லையே உடைக்கும். அற்றேல், ஊரில் மலையாய்க் குவிந்து கிடக்கும் உப்பைத் தொட்டுத் தேய்ப்போம் எனின், அதுவும் பொருந்தாது. என்னை? நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். உப்பு மிஞ்சினால் வாந்தி, நடுக்கம், வலிப்பு. பேஸ்டில் உப்பு இருக்கிறதா என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் ஊரையே கேட்ட அம்மணி, நாயை மட்டும் கேட்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. நம் பேஸ்டும் விலக்கு. சிலவற்றிலுள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்கிவிடும்.

செய்முறை சுருக்கம்: நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட், மெல்லிய பிரஷ் அல்லது விரலில் சுற்றிய துணி, பல்லும் ஈறும் சேரும் வெளிப்பக்கம், தினமும். முதல் நாள் பேஸ்டை நக்க விட்டாலே போதும். முன்னரே இறுகிய காரை பிரஷுக்கு மசியாது. கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துச் சுரண்ட வேண்டும். மரக்காணத்திலிருந்து சாலைவழித் தெற்கே போனால் புதுச்சேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உண்டு.

இச்சூத்திரம் ஆட்டுக்கும் ஆகுமோ எனின், ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. ஆகவே அவ்வாராய்ச்சி பாதி வாயோடு நிற்கும் என்க.